‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிவிட்டால் பொறுப்புத் தீருமா?

தொழுகை, நோன்பு, ஜகாத், தலாக் பற்றிய மஸ்அலாக்களைக் கேட்டு நம்மிடம் வருகிறவர்கள் பலர். வாங்கல் விற்றலைப் பற்றிக் கேட்டு வருகிறவர்கள் மிகச் சொற்பம். அது துன்யா விவகாரம், அதில் ஆலிம்சாவுக்கு என்ன தெரியும் என்பது பொதுவான எண்ணமாக இருக்கிறது. பிக்ஹுடைய கிதாபுகளில் வியாபாரத்தைப் பற்றிய பாடம் எத்தனை நீளமானது என்று தெரிந்தால் இந்த எண்ணம் கொஞ்சம் மாறும். தொழுகையில் மறதியாக ஒரு ரக்அத்து கூடிவிட்டால் பதறிப்போய் ஓடி வருகிறவர், பழைய வண்டியின் மீட்டரைத் திருப்பி வைத்து விற்றதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

அதனால்தான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இஷாவுக்குப் பின் பெரியவர் ஒருவர் பள்ளிவாசல் திண்ணையில் நம்முடன் உட்கார்ந்து, தாம் வாங்கிய பழைய துப்பாக்கியைப் பற்றி மஸ்அலா கேட்டபோது நமக்கு வியப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தது. பிறகு அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தபோது மகிழ்ச்சி குறைந்து கவலை வந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் மலையோரத்தை அறிந்தவர்களுக்குத் துப்பாக்கி அங்கே புதுமையான பொருளல்ல. ரப்பர்த் தோட்டமும் மரச்சீனியும் வாழையும் உள்ள இடம், காடு பக்கத்தில், ஒரே இரவில் காட்டுப் பன்றிக் கூட்டம் இறங்கினால் ஒரு விளை மரச்சீனியும் கிழங்கோடு போய்விடும். அந்தக் காலத்தில் வேட்டையும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை நின்றது. துப்பாக்கிகள் மட்டும் சில வீடுகளில் உரிமத்தோடு தங்கிவிட்டன. தகப்பனாரிடமிருந்து பிள்ளைக்கு வந்தவை அவற்றில் உண்டு. ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்கள் வாங்கியவையும் உண்டு. பன்றியைச் சுடுவதற்கு அரசின் அனுமதி வேண்டும், நினைத்தவர் நினைத்தபடி சுட முடியாது என்பது பெரியவருக்கும் தெரியும். ‘ஒரு வெடிச் சத்தம் கேட்டா ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் வராது உஸ்தாதே’ என்றார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விற்றவர் அவருக்குத் தெரிந்த குடும்பத்துக்காரர், நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்தாம். ஓர் உரிமத்தில் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்த சட்டத்தை 2019-இல் திருத்தி இரண்டாகக் குறைத்தார்கள் அல்லவா? அவரிடம் மூன்று இருந்தன. ஒன்றை ஒப்படைக்க வேண்டும், அல்லது உரிமம் உள்ள இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தது ஒரு பழைய 12 போர் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி. துப்பாக்கி விற்கப் போவதை மாவட்ட ஆட்சித்தலைவருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் அறிவித்து, 45 நாள் கழிந்த பின்பே கைமாற்ற வேண்டும் என்று ஆயுதச் சட்டம் சொல்கிறது. அதுவும் முறைப்படி நடந்தது. அந்த 45 நாளில் வாங்குபவர் யார், விற்பவர் யார் என்று அரசாங்கம் விசாரித்துக் கொள்ளலாம். துப்பாக்கி எப்படிப்பட்டது என்று விசாரிக்கும் வேலை வாங்குபவருடையது. நம் பெரியவர் குழலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், துரு இல்லை. கட்டையைத் தடவிப் பார்த்தார். புதிதாகப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. மனம் திருப்தியாயிற்று. இருவரும் எழுதிக்கொண்ட தாளில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி இருந்தது. எல்லாரும் எழுதுவதுதானே என்று அதைப் பெரியவர் கவனிக்கவில்லை.

கைமாற்றும்போது விற்றவர் ஒரு வார்த்தை சொன்னார். ‘இடது குழல்ல தோட்டா போட்டு வெக்காண்டாம், காக்கா. ஒண்ணு போதும்லா?’ என்றார். பெரியவர் அதை அக்கறையாகச் சொன்ன புத்திமதி என்று எடுத்துக்கொண்டார். இந்த வார்த்தையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் அஸருக்குப் பின் தோட்டத்துப் புரையில் உட்கார்ந்து பெரியவர் இரண்டு குழலிலும் தோட்டா போட்டார். போட்டுத் துப்பாக்கியை மடக்கி மூடினார். விசையில் விரல் வைக்கவே இல்லை. மூடிய அதிர்ச்சியிலேயே இடது குழல் வெடித்தது. ரவைகள் மண் சுவரில் ஒரு சாணளவு குழி பறித்தன. அந்தச் சுவரோரம்தான் சற்று முன் வரை அவருடைய பேரன் ரப்பர்ப் பால் எடுக்கும் சிரட்டைகளை அடுக்கி விளையாடிக் கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கப் போனதால் தப்பினான். அல்ஹம்துலில்லாஹ். இதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் மாறிவிட்டது.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் அவர் சும்மா இருந்தார். ஏமாந்துவிட்டோம் என்று வெளியில் சொல்ல வெட்கம். பின்னர் உரிமம் பெற்ற பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனார். அவர் திறந்து காட்டினார். குதிரையைப் பிடித்து நிறுத்துகிற சிறு கொக்கியின் முனை தேய்ந்து போயிருந்தது. தானாகத் தேய்ந்தது மட்டுமல்ல, அரம் போட்ட தடமும் இருந்தது. விசை இலேசாக இழுபட வேண்டும் என்பதற்காக எப்போதோ யாரோ அராவியிருக்கிறார்கள். பளபளத்த கட்டையிலும் ஒரு விரிசல், மெழுகு அடைத்து மேலே பாலிஷ் போடப்பட்டிருந்தது.

இனி அவர் கேட்ட கேள்வி. வேறொருவர் அதே துப்பாக்கியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம், கொடுத்த விலைக்கே எடுத்துக்கொள்ளவும் தயாராம். ‘ஏமாந்தது நான் உஸ்தாதே. எனக்க பணத்த நான் எடுக்காண்டாமா? எனக்கு என்ன சொல்லித் தந்தாங்களோ அதத்தான் நானும் சொல்லப் போறேன். உள்ளது உள்ளபடி. ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இதுல என்ன ஹராம்?’

அவர் பேசியதில் அநியாயம் எங்கே இருக்கிறது என்று உடனே சுட்டிக்காட்ட நமக்கே வரவில்லை. கிதாபைப் பார்த்து இரண்டு நாளில் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். வயதில் இளையவர்களான நமக்கு, தகப்பன் வயதுள்ளவரிடம் ‘கூடாது’ என்று ஒரு சொல்லில் சொல்லியனுப்புவதும் தகாது என்று பட்டது.

சரக்கில் உள்ள குறையை மறைத்து விற்பது ஹராம் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே பேதமே இல்லை. மதீனத்துக் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டதையும், ஏமாற்றுகிறவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்ததையும் அறியாத முஸ்லிம் கிடையாது. மழையில் நனைந்தது என்று அந்த வியாபாரி சொன்னார். நனைந்தது அவருடைய குற்றமில்லைதான். நனைந்ததை அடியில் வைத்தது அவருடைய குற்றம். நம் கதையிலும் கொக்கி தேய்ந்தது யாருடைய குற்றமும் இல்லாமல் இருக்கலாம். விரிசலின் மேல் பாலிஷ் ஏறியது எப்படி?

ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். குறையைச் சொல்வது விற்பவன் மேல் மட்டும் கடமையல்ல. வியாபாரத்தில் சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதனுக்கு அந்தக் குறை தெரிந்திருந்தால், வாங்குகிறவனுக்கு அவனும் சொல்ல வேண்டும் என்கிறார்கள். நம்மூரில் இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கம் இருக்கிறது; ‘நமக்கென்ன, ஒருத்தன் பிழைப்பைக் கெடுக்கலாமா’ என்று பார்த்தும் பாராதவர்போல் போவதுதான் மரியாதை என்று நினைக்கிறோம்.

அடுத்தது அந்த ‘உள்ளது உள்ளபடி’. அரபியில் இதைப் ‘பராஅத்’ நிபந்தனை என்பார்கள். எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல என்று சொல்லி விற்பது. நம் மாவட்டத்தில் ஷாபிஈ மத்ஹபினரும் ஹனபி மத்ஹபினரும் அடுத்தடுத்து வாழ்கிறோம். இந்த மஸ்அலாவில் இருவருக்கும் வழி வேறு. ஹனபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். பிறகு குறை வெளிப்பட்டாலும் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு இல்லை. ஆனால் தெரிந்தே மறைத்த பாவம் அதனால் போய்விடாது. ஷாபிஈ மத்ஹபின் உறுதியான சொல்லின்படி அந்த நிபந்தனை ஒரே இடத்தில்தான் செல்லும்: விற்கப்படுவது உயிருள்ள பிராணியாக இருக்க வேண்டும், குறை உள்ளே மறைந்ததாக இருக்க வேண்டும், விற்றவனுக்கு அது தெரியாததாகவும் இருக்க வேண்டும். ஏன் பிராணிக்கு மட்டும்? மாடு நோயிலும் தின்னும், சுகத்திலும் தின்னும். அதன் வயிற்றுக்குள் இருப்பதை வளர்த்தவனாலும் அறிய முடியாது. அந்த இயலாமைக்குத்தான் ஷரீஅத் இடம் கொடுக்கிறது. இரும்புக்கும் மரத்துக்கும் அந்தச் சாக்குக் கிடையாது. நான்கு திருகாணியைக் கழற்றினால் உள்ளே இருப்பது வெளியே தெரியும். நமது நாட்டின் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமும் வாங்குபவன் பார்த்து வாங்கட்டும் என்பதைப் பொது விதியாக வைத்து, அதற்குச் சில விலக்குகளைத் தருகிறது. நம் இமாம்கள் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பெரியவருடன் நாமும் விற்றவரின் வீட்டுக்குப் போனோம். மரியாதையாக வரவேற்றார், சாயா தந்தார். விஷயத்தை எடுத்ததும், அந்தத் தாளைக் கொண்டுவந்து ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரியைக் காட்டினார். அது ஹனபி மத்ஹபில் செல்லும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கூடவே, குறை தெரிந்த பிறகும் இரண்டு மாதம் பொருளை வைத்துக்கொண்டிருந்தால் திருப்பும் உரிமை போய்விடுமே என்றும் கேட்டார். அதுவும் உண்மைதான், ஆனால் அது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். குறையைக் கண்டவுடன் தாமதமின்றித் திருப்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. ஹனபிகளிடம் தாமதத்தால் மட்டும் உரிமை போகாது. ஆக, நிபந்தனைக்கு ஹனபியாகவும் தாமதத்துக்கு ஷாபிஈயாகவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார் அவர். நமக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டோம்.

இருந்தாலும் பெரியவரின் தாமதம் தாமதம்தான். அவர் பின்பற்றும் மத்ஹபில் திருப்பிக் கொடுக்கும் உரிமையை அவரே கைவிட்டுவிட்டார் என்பதை அவரிடம் மறைக்காமல் சொன்னோம். வெட்கம் ஒரு மனிதனை இப்படியும் நஷ்டப்படுத்தும்.

விற்றவரிடம் நாம் சட்டம் பேசவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வரும் ஒரு சம்பவத்தைச் சொன்னோம். அடிமை வியாபாரம் உலகெங்கும் நடந்த காலம் அது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையை எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை என்ற நிபந்தனையின் பேரில் 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர், இவனுக்கு நோய் இருக்கிறது, நீங்கள் சொல்லவில்லையே என்று வழக்குக் கொண்டுவந்தார். கலீபா உஸ்மான் (ரலி) அவர்கள் நிபந்தனைத் தாளைக் கேட்கவில்லை. விற்கும்போது அந்த நோய் உமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யும் என்று இப்னு உமர் அவர்களிடம் சொன்னார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் அவன் குணமடைந்தான். 1500 திர்ஹத்துக்கு விலை போனான். பிராணிகள் பற்றிய சட்டத்தில் ஷாபிஈ இமாம் அவர்கள் பின்பற்றியதும் உஸ்மான் (ரலி) அவர்களின் இந்தத் தீர்ப்பைத்தான்.

முழு விவகாரமும் ‘தெரியுமா, தெரியாதா’ என்ற ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டதைப் பாருங்கள். அந்தக் கேள்வியை நாம் விற்றவரிடம் சத்தியமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை செய்திருப்பார். பொய்ச் சத்தியத்துக்கு நாம் காரணமாகிவிடக் கூடாது என்று பயந்தோம். தகப்பனார் காலத்தில் அராவியிருக்கலாம், தமக்கு எதுவும் தெரியாது என்று அவராகவே சொன்னார். அப்போது பெரியவர் மெல்லக் கேட்டார்: ‘அப்பம் இடது குழல்ல தோட்டா போடாண்டாம்னு ஏன் சொன்னிய?’

அவர் பதில் சொல்லவில்லை.

இந்த அரைவாசி வார்த்தையைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முழுக்க மறைக்கிறவனுக்குத் தான் மறைக்கிறோம் என்று தெரியும். என்றாவது ஒரு நாள் தவ்பாச் செய்வான். பாதி சொல்கிறவனுக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. நான்தான் சொன்னேனே என்று அவன் மனம் அவனைத் தட்டிக்கொடுக்கிறது. சொன்னதாகவும் இருக்க வேண்டும், கேட்டவனுக்கு விளங்காமலும் இருக்க வேண்டும், விலையும் குறையாமல் இருக்க வேண்டும்! கல்யாணப் பேச்சில் ‘பையனுக்குக் கொஞ்சம் கோபம் வரும்’ என்பார்கள். வீடு விற்கும்போது ‘மழைக்காலத்துல கிணற்றுல நல்ல தண்ணி’ என்பார்கள். கேட்கிறவர் கோடைக்காலத்தைப் பற்றிக் கேட்டாலல்லவா தெரியும்! குறையைச் சொல்வதென்றால், வாங்குகிறவனுக்கு அது குறை என்று விளங்கும்படி, இன்ன செய்தால் இன்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். ‘மடக்கி மூடினால் தானாக வெடிக்கும்’ என்ற ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொன்னால் விலை போகாது. அதனால் இடது குழல் என்றார்.

இதுவரை சொன்னது விற்றவரைப் பற்றி. பெரியவரின் கேள்வி இன்னும் பாக்கி நிற்கிறது.

அவர் ஏமாற்றப்பட்டவர் என்பதில் சந்தேகமில்லை. தமக்குச் செய்யப்பட்டதையே தாமும் செய்யப் போவதாகச் சொன்னார். ஆனால் அதைத் தமக்குச் செய்தவருக்கா செய்யப் போகிறார்? ஒரு தீமையும் செய்யாத வேறொருவருக்கு. கடனைக் கொடுக்காதவனிடம் வசூலிக்க முடியாதபோது தெருவில் போகிறவன் சட்டைப் பையில் கைவிடலாமா? மேலும், விற்றவருக்காவது தெரியாது என்று சொல்லிக்கொள்ள ஓர் இடுக்கு இருந்தது. பெரியவருக்கு அதுவும் இல்லை. மண் சுவரில் இருக்கும் குழியை அவர் தினமும் பார்க்கிறார். ‘உள்ளது உள்ளபடி’ என்ற அதே வார்த்தை அவர் வாயிலிருந்து வரும்போது பொய்யாகிவிடுகிறது. வார்த்தை மாறவில்லை, சொல்கிறவருக்குத் தெரிந்தது மாறிவிட்டது.

அப்படியானால் குறையை முழுக்கச் சொல்லி, விலையைக் குறைத்து விற்கலாமா? கிழிந்த துணியாக இருந்தால் தாராளமாக விற்கலாம். குறை தெரிந்து சம்மதித்து வாங்குகிறவன் தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுக்கிறான், நஷ்டமும் அவனுக்கே. துப்பாக்கியில் நம் மனம் இந்த இடத்தில் தயங்குகிறது. வாங்குகிறவன் விட்டுக்கொடுப்பது அவனுடைய உரிமையைத்தான். குழலின் எதிரே நிற்கப் போகிறவன் இந்த வியாபாரத்தில் உட்காரவேயில்லையே! அவனுக்கு விலையும் தெரியாது, தள்ளுபடியும் கிடைக்காது, திருப்பிக் கொடுக்கும் உரிமையும் கிடையாது. சிரட்டை அடுக்கி விளையாடிய பிள்ளையிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

ஆயுதத்தின் விஷயத்தில் இந்த மூன்றாம் மனிதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எப்போதும் நினைவில் வைத்திருந்தார்கள். பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் நடக்கிறவர் அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். உருவிய வாளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்குவதைத் தடுத்தார்கள். சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது, ஷைத்தான் கையை நழுவச் செய்துவிடலாம் என்று எச்சரித்தார்கள். கெட்ட எண்ணம் உள்ளவனுக்குச் சொன்ன வார்த்தைகளல்ல இவை. தொழப் போகிறவனுக்கும் நண்பனுக்கும் சொன்னவை. எண்ணம் நல்லதாக இருந்தும் கை நழுவலாம் என்பதற்காக இத்தனை பேணுதல் என்றால், நழுவும் என்று தெரிந்த ஒரு விசையை உறையில் போட்டுக் கொடுப்பதை என்னவென்று சொல்வது?

இன்னொன்று. துப்பாக்கி கைதவறி வெடித்து ஓர் உயிர் போய்விட்டால், திட்டமிடாத கொலைக்கு அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹு தஆலா விதித்தது இறந்தவரின் குடும்பத்தாருக்கு நஷ்டஈடு. அத்துடன் ஓர் அடிமையை உரிமை விடுவது, அதற்கு வழியில்லாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்பது. இந்தச் சுமை யார் தலையில்? நேரடியாகச் செய்தவன் இருக்கும்போது தூரத்துக் காரணமாக இருந்தவனைப் பிடிப்பதில்லை என்பது பிக்ஹின் பொதுவான விதி. பாதையில் கிணறு வெட்டியவன் பொறுப்பாவான். ஆனால் கிணற்றில் ஒருவனை இன்னொருவன் தள்ளிவிட்டால் தள்ளியவன்தான் பொறுப்பாவான். ஆக, குறையை அறியாமல் துப்பாக்கியைப் பிடித்திருந்தவன் இரண்டு மாதம் பசித்திருப்பான். அறிந்து விற்றவன் அந்த இரண்டு மாதமும் வேளாவேளைக்குச் சோறு தின்றுகொண்டிருப்பான். துன்யாவின் தீர்ப்பு அவ்வளவு தூரம்தான் போகும். ஆகிரத்தில் அந்தக் கணக்கு யாருடைய ஏட்டில் எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்தால் நடுக்கம் வருகிறது.

இது மலையோரத்துச் சின்ன விவகாரம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1962 முதல் விற்பனையான ரெமிங்டன் 700 என்னும் வேட்டை ரைஃபிளைப் பற்றியும் இதே கேள்வி எழுந்தது. விசையைத் தொடாமலே வெடிக்கிறது என்று ஆண்டுக்கணக்காகப் புகார்கள் வந்தன, வழக்குகள் நடந்தன. 2000-ஆம் ஆண்டு மொன்டானா மாநிலத்தில் வேட்டைக்குச் சென்ற ஒரு குடும்பத்தில், தோட்டாவை வெளியே எடுப்பதற்காகத் தாயார் பாதுகாப்புப் பூட்டை நீக்கியபோது ரைஃபிள் வெடித்து, அவருடைய 9 வயது மகன் இறந்தான். அந்த விசையை உருவாக்கிய பொறியாளரே இத்தகைய அபாயத்தை 1940-களில் எழுத்து மூலம் நிறுவனத்துக்குச் சுட்டிக்காட்டியிருந்தார் என்பது பின்னர் வெளிவந்தது. விசையில் குறை இருப்பதாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இலட்சக்கணக்கான துப்பாக்கிகளுக்கு இலவசமாக விசை மாற்றித் தருவதாக நீதிமன்றத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது.

அந்த உடன்பாட்டில் நம்மைத் தைத்த விஷயம் ஒன்று உண்டு. இலவசம் என்று அறிவித்தும், விசையை மாற்றிக்கொள்ள வந்தவர்கள் மிகச் சொற்பம். பல துப்பாக்கிகள் இதற்குள் கைமாறிக் கைமாறி, யாரிடம் இருக்கின்றன என்பதே தெரியாமல் போயிருந்தன. ஒருமுறை வாய் மூடிய குறை, அடுத்த அடுத்த கைகளுக்குப் போகப் போக, சொல்ல நினைத்தாலும் சொல்ல முடியாத தூரத்துக்குப் போய்விடுகிறது. பெரியவர் மூன்றாம் ஆளுக்கு முழுக்கச் சொல்லியே விற்றாலும், அந்த மூன்றாம் ஆள் நான்காம் ஆளிடம் ‘உள்ளது உள்ளபடி’ என்று மட்டும் சொன்னால் என்ன செய்வது?

ஆகவே பெரியவரிடம் இப்படிச் சொன்னோம். உங்கள் பணத்தை விற்றவரிடம் கேட்க உங்களுக்கு வாயிருக்கிறது. அவர் மறைத்தவர் என்பதால், நீங்கள் தாமதித்திருந்தாலும் அவர் திருப்பித் தருவதே அவருக்கு ஆகிரத்தில் நல்லது. ஆனால் இந்தத் துப்பாக்கி, கொக்கி மாற்றிச் சீராக்கப்படும் வரை, எவ்வளவு விவரமாகச் சொன்னாலும் உங்கள் கையிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. இது கிதாபில் வரிக்கு வரி எழுதியிருக்கும் மஸ்அலா அல்ல, இருக்கிற மஸ்அலாக்களைக் கொண்டு நாம் விளங்கிக்கொண்டது. பெரிய ஆலிம்கள் யாரேனும் வேறு சொன்னால் அதையும் கேளுங்கள் என்றோம்.

‘அப்பம் நஷ்டம் எனக்கு மட்டுமா?’ என்று கேட்டார். ஆம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. உண்மை அதுதான்.

விற்றவர் சில வாரங்களுக்குப் பின் பழுது பார்க்கும் செலவைத் தாமே தருவதாகச் சொல்லியனுப்பினார். விலையில் ஒரு ரூபாயும் திருப்பவில்லை. பழுது பார்ப்பவரோ இந்த மாதிரிக்கு உதிரிப் பாகம் கிடைப்பதில்லை, புதிதாக அடித்துப் போட்டால் அதற்குத் தாம் உத்தரவாதம் தர முடியாது என்று கைவிரித்துவிட்டார். அவரும் ஒரு நல்ல மனிதர். விசைக்குமேல் ஒரு நூலைக் கட்டி, அட்டைத் துண்டில் ‘மூடினால் வெடிக்கும்’ என்று எழுதித் தொங்கவிட்டார். சட்டப்படி எழுதிக் கொடுத்துத் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார் பெரியவர். பன்றிகள் வழக்கம்போல் வருகின்றன. இப்போது தகரத்தைத் தட்டுகிறார்.

சென்ற ஜும்ஆ அன்று பள்ளிவாசல் வாசலில் அவரைச் சந்தித்தோம். அந்த மூன்றாம் ஆள் வேறெங்கோ ஒரு பழைய துப்பாக்கியை வாங்கியிருக்கிறார் என்று பேச்சு வந்தது. திறந்து பார்த்து வாங்கினாரா என்று விசாரிக்கலாமே என்றோம்.

‘நேத்தே போய்ச் சொல்லியாச்சு உஸ்தாதே’ என்றார். ‘கொக்கியப் பாருன்னு சொன்னேன். எனக்கு அவரக் கண்டாப் பிடிக்காது. ஆனாலும் அவரு வீட்டுலயும் பிள்ளைய இருக்குல்லா?’